மணிமேகலை எங்கே?

2023 மே மாதத்தில் ஒரு நாள் என் அத்தையை 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகத்துக்கு அழைத்துப் போனேன். அத்தைக்கு அப்போது வயசு எண்பத்து நாலு. தியேட்டருக்குள் நுழைந்தே பதினைந்து வருஷம் இருக்கும் என்றாள். எஸ்கலேட்டரைப் பார்த்ததும் 'இது நமக்கு ஆகாது' என்று நின்றுவிட்டாள். ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்த வெந்நீரை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒருவழியாக லிஃப்டைக் கண்டுபிடித்து, உட்காரவைத்து, ஏ.ஸி. குளிருக்கு சால்வை போர்த்திவிட்டேன். அதற்கப்புறம் இரண்டே முக்கால் மணி நேரம் அசையவில்லை. இடைவேளையில் காபி வேண்டுமா என்றதற்குக்கூட 'பேசாம இரு' என்று கை காட்டினாள்.

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். என் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மணிமேகலை எங்கேடா?"

நாவலைப் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மணிமேகலை, கடம்பூர் சம்புவரையரின் மகள். கந்தமாறனின் தங்கை. வந்தியத்தேவனை மனசுக்குள்ளேயே வரித்துக்கொண்டு, அவன் மனசு குந்தவையிடம் இருப்பது தெரிந்தும் மாற்றிக்கொள்ளத் தெரியாமல், புத்தி கலங்கி, கடைசியில் அவன் மடியிலேயே உயிரை விடுகிறவள். மகுடம் யாருக்கு என்ற வழக்கெல்லாம் தீர்ந்த பிறகு கல்கி திரையை இறக்குவது இவள்மேல்தான். படத்தில் இவள் இல்லை. எடிட்டிங்கில் வெட்டினார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. பிறக்கவே இல்லை.

அத்தைக்கு இது சாதாரண விஷயம் இல்லை. 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் ஆரம்பித்து 1954 மே வரை வந்த தொடர். ஆரம்பிக்கும்போது அத்தைக்குப் பதினொன்று, முடியும்போது பதினைந்து. கண் சரியாகத் தெரியாத பாட்டிக்கு வாராவாரம் உரக்கப் படித்துக் காட்டுவது அவள் உத்தியோகம். படித்து முடித்த பக்கங்களைக் கிழித்து, மணியம் வரைந்த படங்களோடு பைண்டு பண்ணிய ஐந்து பாகமும் இன்றும் பீரோவில் இருக்கின்றன, புடவைகளுக்குக் கீழே. மணிமேகலை செத்த வாரம் பாட்டியும் பேத்தியும் ராத்திரி சாப்பிடவில்லை என்பது எங்கள் வீட்டில் கல்யாணம் கார்த்திகைக்கெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை.

காரில் திரும்பி வரும்போது சினிமாக்காரர்களுக்காக நான் வக்காலத்து வாங்கினேன். திரைக்கதையில் ஒரு பக்கம் என்றால் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிஷம், இது பழைய கணக்கு. இரண்டு படமும் சேர்ந்து ஐந்தரை மணி நேரம். அதாவது முந்நூற்று முப்பது பக்கம், அதிலும் பாதி வெற்று இடம். கல்கி எழுதியது இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல். 'எல்லாரும் வர முடியாது அத்தை. யாரையாவது இறக்கிவிட்டால்தான் வண்டி நகரும்.'

"அதுக்கு இவதான் கிடைச்சாளா?" என்றாள் அத்தை.

நாவலைப் படித்துவிட்டுப் படம் பார்க்கப் போகிற நாம் எல்லோரும் கையில் ஒரு பட்டியலோடு போகிறோம். மளிகை சாமான் லிஸ்ட் மாதிரி. அது வந்ததா, இது வந்ததா, ஆழ்வார்க்கடியானுக்குத் தொப்பை போதுமா என்று டிக் போட்டுக்கொண்டே வருகிறோம். சினிமாவைப் பார்க்க இதைவிட மோசமான வழி கிடையாது. நானும் அப்படித்தான் பார்ப்பேன்.

பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு யோசியுங்கள். 'பொன்னியின் செல்வ'னில் மிக முக்கியமான பாத்திரம் யார்? வந்தியத்தேவனா, நந்தினியா, அருள்மொழியா? இல்லை சார், கல்கிதான். வாசகரைக் கையைப் பிடித்து அழைத்துப்போய், இங்கே கொஞ்சம் உட்காருங்கள் என்று வீராணம் ஏரிக்கரையில் காற்று வாங்கவைத்து, சண்டை உச்சத்தில் இருக்கும்போது சட்டென்று வேறு ஊருக்குத் தாவி, அப்புறம் அதற்கு நம்மிடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிற அந்தக் குரல். எந்த நடிகருக்கும் அந்த வேஷம் தர முடியாது. முதல் பாகத்தின் ஆரம்பத்தில் கமல்ஹாசன் குரல் வருகிறது. கம்பீரமான குரல். ஆனால் அது நமக்குத் தகவல் சொல்கிறது. கல்கியின் குரல் திண்ணையில் உட்காரச் சொல்லி மோர் கொடுக்கும்.

மணி ரத்னம் மோருக்கு ஆசைப்படவில்லை. அவர் பிடித்துக்கொண்டது கரிகாலன் - நந்தினி. நாவலில் அந்தப் பழைய காதல் பெரும்பாலும் யாராவது யாரிடமாவது சொல்லித்தான் தெரியவரும். இரண்டாம் பாகம் அதைத்தான் முதலில் எடுக்கிறது. இளவயசுக் கரிகாலனும் நந்தினியும், அதிகம் பேச்சில்லாமல், பாட்டும் பார்வையுமாக. இரண்டு படத்திலும் மனசில் தங்குவது அந்தச் சில நிமிஷங்களும், பிற்பாடு கடம்பூரில் இருவரும் நேருக்கு நேர் நிற்கும் காட்சியும்தான் என்பது என் கட்சி. மற்ற இடங்களில் நாவல் ஓட ஓட படம் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடுகிறது. இந்த இடத்தில் மட்டும் நின்று மூச்சு விடுகிறது.

இங்கே ஒரு பழைய கதை ஞாபகத்துக்கு வருகிறது. 'பொன்னியின் செல்வ'னைப் படமாக்க எம்.ஜி.ஆர். 1950களின் கடைசியிலேயே உரிமை வாங்கியிருந்தார். திரைக்கதை எழுத அவர் உட்காரவைத்தது, கல்லூரி மேடையில் தமிழ் சினிமாவை அவர் முன்னாலேயே விளாசித் தள்ளிய ஓர் இளைஞரை. எழுதி முடித்தாகிவிட்டது, படம் மட்டும் வரவில்லை. அந்த இளைஞர்தான் மகேந்திரன். ஐந்து பாகத்தையும் திரைக்குள் அடக்க ராப்பகலாக முட்டி மோதிய அனுபவம் ஒரு மனிதருக்கு என்ன சொல்லிக்கொடுத்திருக்கும்? என் ஊகம், எதை விடலாம் என்று சொல்லிக்கொடுத்திருக்கும்.

ஏனென்றால் 1978-ல் அவர் முதன்முதலாக டைரக்ட் செய்தபோது எடுத்துக்கொண்டது உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்'. கல்கி வெள்ளிவிழாப் போட்டியில் பரிசு வாங்கிய பெரிய நாவல். மகேந்திரன் அதிலிருந்து காளியையும் தங்கை வள்ளியையும் பிடித்துக்கொண்டு மிச்சத்தில் முக்கால்வாசியை விட்டுவிட்டார். நாவலில் காளியின் கையைப் பறிப்பது புலி. படத்தில் லாரி. வேலையிலிருந்து இன்ஜினீயர் சஸ்பெண்ட் செய்த ஆத்திரத்தில் குடித்துவிட்டு ரோட்டில் விழுந்து கிடக்கிறான், லாரி கை மேல் ஏறிவிடுகிறது.

வெறும் செலவுக் கணக்காகப் பார்த்தால் புலிக்கு பதில் லாரி சல்லிசு. ஆனால் விஷயம் அது இல்லை. புலி கடித்தால் அது விதி. கொஞ்சம் வீரமும் சேர்ந்துகொள்ளும், ஊரில் கதை சொல்லித் திரியலாம். லாரி ஏறினால், அது காளியே காளிக்குச் செய்துகொண்டது. அவன் கோபம், அவன் திமிர், அவன் குடி. பழியைத் தூக்கி இன்ஜினீயர் மேல் போடவும் வசதி. அப்புறம் அந்த ஒற்றைக் கையோடு அவன் தங்கையின் கல்யாணத்துக்குக் குறுக்கே நிற்கும்போது நமக்கு அவன் மேல் இரக்கமும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. நாவலுக்கு துரோகம் பண்ணித்தான் இதைச் சம்பாதித்தார்.

அடுத்த வருஷமே இன்னொரு துரோகம். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து 'உதிரிப்பூக்கள்'. 'சிற்றன்னை'யைத் தேடிப் படித்துவிட்டுப் படம் பார்க்கிறவர்களுக்குக் குழப்பம்தான் மிஞ்சும். அங்கே சுந்தரவடிவேலு ஒரு காலேஜ் புரொபசர், மனைவியை இழந்தவர், நம் பக்கத்து வீட்டு மனிதர். இங்கே அதே பெயரில், சுத்தமாக வேஷ்டி கட்டிக்கொண்டு ஊரையே நடுங்கவைக்கும் ஒரு கொடூரன். அங்கே கதை ஆரம்பிக்கும்போதே செத்துப்போயிருந்த அம்மா, இங்கே பாதிப் படம் வரை நம் கண் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறாள். பின்னே எதைத்தான் எடுத்தார்? அம்மா இல்லாத இரண்டு குழந்தைகள் பெரியவர்களைப் பார்க்கும் பார்வை. அவ்வளவுதான். ஊரே சேர்ந்து அவனை ஆற்றில் இறங்கவைத்த பிறகும் கரையில் அந்தக் குழந்தைகள் நிற்கின்றன. அந்த ஒரு பார்வையை விடாமல் பிடித்துக்கொண்டதால் மீதியெல்லாம் தானாக மாறிவிட்டது.

ஆனாலும் டைட்டிலில் புதுமைப்பித்தன் பெயரைப் போட்டார். போடாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நாவலை மாற்றிவிட்டார்கள் என்று சண்டை போடுகிற நாம், பெயரே போடாமல் எடுத்துக்கொண்டுபோகிற படங்களைப் பற்றி மூச்சு விடுவதில்லை. எழுதினவனுக்கு முதலில் செய்யவேண்டிய மரியாதை வரிக்கு வரி எடுப்பது இல்லை. டைட்டிலில் பெயர், கையில் காசோலை. அப்புறம் என்ன வேண்டுமானாலும் பண்ணிக்கொள்ளட்டும்.

நாவலில் இருப்பதைத் திரையில் எப்படி மாற்றிப்போடுவது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல பாடம் வங்காளத்தில் இருக்கிறது. விபூதிபூஷண் 1929-ல் எழுதிய 'பதேர் பாஞ்சாலி', சத்யஜித் ராய் 1955-ல் எடுத்த படம். அக்கா துர்காவின் மேல் ஒரு திருட்டுப் பட்டம். அவள் இல்லை என்று சாதிக்கிறாள், செத்தும்போகிறாள். குடும்பம் ஊரைக் காலி பண்ணும்போது தம்பி அப்பு, மேலே எங்கேயோ ஒளித்து வைத்திருந்த அந்தப் பொருளைக் கண்டுபிடிக்கிறான். எடுத்தது அவள்தான். நாவலில் அது ஒரு தங்கக் குங்குமச் சிமிழ். அப்பு அதை மூங்கில் புதருக்குள் வீசிவிடுகிறான். இனி யாருக்கும் தெரியவராது என்பதை விபூதிபூஷண் எழுதிவிட முடியும், எழுத்துக்கு அந்த சௌகரியம் உண்டு.

கேமரா முன்னால் ஒரு பையன் புதரில் எதையோ வீசினால் அது வீச்சு. அவ்வளவுதான். ராய் என்ன செய்தார்? சிமிழைப் பாசிமாலை ஆக்கினார், புதரைக் குளம் ஆக்கினார். மாலை விழுகிறது. குளத்தை மூடியிருந்த பாசி வட்டமாக விலகிக் கொஞ்சம் கறுப்புத் தண்ணீர் தெரிகிறது. பிறகு பாசி மெதுவாகத் திரும்பக் கூடி மூடிக்கொள்கிறது. அப்பு பார்த்துக்கொண்டே நிற்கிறான். ஒரு வார்த்தை கிடையாது. புத்தகத்தில் இருந்ததை அவர் மாற்றவும் இல்லை, அப்படியே வைக்கவும் இல்லை. ஒரு பாஷையில் இருந்ததை இன்னொரு பாஷையில் சொல்லிவிட்டார்.

அதே படத்தில் இன்னொன்று. மகள் செத்தது தெரியாமல் ஊரிலிருந்து திரும்பும் அப்பா ஒவ்வொன்றாகச் சாமானை எடுத்துக் காட்டுகிறார். துர்காவுக்கு என்று ஒரு புடவை. அம்மா அதை வாங்கி, பல்லால் கடித்துக்கொண்டு உடைந்துபோகிறாள். அவள் அழும் குரல் நமக்குக் கேட்காது. அதற்குப் பதில் தார் ஷெனாய் என்ற வாத்தியம் பட்தீப் ராகத்தில் வீறிடுகிறது. இசை ரவிசங்கர். எத்தனை தடவை பார்த்தாலும் இந்த இடத்தில் எனக்கு ஜலதோஷம் பிடித்துக்கொள்ளும்.

சரி, அப்படியானால் விசுவாசமாக எடுத்தால் படம் தேறாதா? அப்படியும் சட்டம் போட முடியவில்லை. 'சில நேரங்களில் சில மனிதர்கள்' படத்துக்கு ஜெயகாந்தனே திரைக்கதை எழுதினார். வசனம் வசனமாக இருக்கும். ஆனால் கங்கா பக்கம் பக்கமாகத் தனக்குள் பேசிக்கொண்டதையெல்லாம் லட்சுமி ஒரு முகத்தில் வைத்துக்கொண்டு நின்றார், தேசிய விருது வீடு தேடி வந்தது. பீம்சிங் கேமராவை அந்த முகத்தின் முன் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அதற்கும் ஒரு தெம்பு வேண்டும். பூமணியின் 'வெக்கை'க்கு வந்தது நேர் எதிர் சிக்கல். அது மெலிந்த நாவல். கொலை செய்துவிட்ட பையனும் அப்பாவும் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரிகிறார்கள், கிடைத்ததை ஆக்கித் தின்கிறார்கள், பேசிக்கொள்கிறார்கள். 'அசுரன்' (2019) அதற்கு ஒரு பெரிய ஃபிளாஷ்பேக் சேர்த்தது. தியேட்டரில் விசில் பறந்தது அந்த ஃபிளாஷ்பேக்குக்குத்தான். எனக்கோ, அப்பனும் பிள்ளையும் சோறு பொங்கித் தின்பதை இன்னும் பத்து நிமிஷம் காட்டியிருக்கலாமே என்று இருந்தது. விநியோகஸ்தர் யாரும் என்னிடம் யோசனை கேட்பதில்லை.

இப்போது என் சொந்தக் கதைக்கு வருகிறேன்.

காலேஜ் படிக்கும்போது 'மோகமுள்' படித்தேன். படித்தேன் என்பது சும்மா வார்த்தை. இரண்டு வாரம் அதில் குடியிருந்தேன். அந்த வயசில் தமிழ்நாட்டில் நாவல் படிக்கிற பையன்கள் எல்லோருக்கும் வரும் காய்ச்சல்தான் அது. தன்னைவிடப் பத்து வயசு பெரியவளான யமுனாவின் மேல் பாபு வைத்த அந்த ஆசை. வருஷங்கள் கழித்து, பட்டணத்தில், கடைசியில் அவள் கேட்கும் ஒரு சின்னக் கேள்வி. படித்தவர்களுக்குத் தெரியும்.

1995-ல் ஞான ராஜசேகரன் அதைப் படமாக எடுத்தார். மரியாதையான படம். யமுனாவாக நடித்தது அர்ச்சனா ஜோக்லேக்கர். மராட்டிப் பெண், யமுனாவின் அம்மாவும் மராட்டி என்பதால் பொருத்தமும்கூட. நெடுமுடி வேணு ரங்கண்ணாவாகவே உட்கார்ந்திருந்தார். ஜானகிராமன் வார்த்தையில் எழுதி எழுதிப் பார்த்த நாதத்தை இளையராஜா காதிலேயே போட்டார், அந்த ஒரு விஷயத்தில் சினிமா நாவலை ஜெயித்தது என்று இன்றைக்குச் சொல்வேன். அன்றைக்குச் சொல்லவில்லை. வெளியே வந்து டீக்கடையில் நண்பர்களிடம் ஒரு மணி நேரம் திட்டித் தீர்த்தேன். 'இவள் யமுனாவே இல்லை' என்பதுதான் முக்கிய குற்றச்சாட்டு.

கூட இருந்த ஒருவன், நாவல் படிக்காதவன், அப்பாவியாகக் கேட்டான்: "அப்ப யமுனா எப்படி இருப்பா, சொல்லு?"

சொல்ல ஆரம்பித்தேன். வரவில்லை. மூக்கு எப்படி, கண் எப்படி, ஒன்றும் தெரியவில்லை. இரண்டு வாரம் குடியிருந்த எனக்கு அவள் முகமே தெரியாது! நான் பார்த்ததெல்லாம் பாபு பார்த்த பார்வையை. ஜானகிராமன் பார்த்த பார்வையை. முகம் இருந்த இடத்தில் என் பத்தொன்பது வயசு இருந்தது. அதற்கு எந்த நடிகையைக் கூட்டி வந்தால் பொருந்தும்?

இன்னொன்றும் அன்றைக்குப் புரியவில்லை. 'மோகமுள்' காத்திருத்தலைப் பற்றிய நாவல். வருஷக்கணக்கில் காத்திருக்கிறான். சினிமாவில் வருஷம் போனதைக் காட்டலாம், முகத்தில் தாடி ஒட்டலாம், ஊர் மாறலாம். நம்மைக் காத்திருக்கவைக்க முடியாது, டிக்கெட் இரண்டரை மணி நேரத்துக்குத்தான். நாவலில் நாம் ஐம்பது பக்கம் படித்துவிட்டு மூடி வைக்கிறோம். குளிக்கிறோம், பரீட்சை எழுதுகிறோம், வீட்டில் சண்டை போடுகிறோம், திரும்ப வந்து பிரிக்கிறோம். பாபு அங்கேயே காத்திருக்கிறான். நம் நாட்களும் அவன் நாட்களும் பின்னிக்கொண்டுவிடுகின்றன. எந்த டைரக்டராலும் நம்மிடமிருந்து அந்த இரண்டு வாரத்தை வாங்கிப் படத்தில் போட முடியாது. அது இல்லாத இடத்தில், குளத்துப் பாசி மாதிரி, வேறு ஏதாவது ஒன்றை அவர்தான் கண்டுபிடிக்கவேண்டும். 'மோகமுள்' படம் அப்படி எதையும் தேடாமல் நாவலின் சம்பவங்களை வரிசையாக, பணிவாக, கை கட்டிக்கொண்டு சொல்லியது. என் புகார் அதுவாக இருந்திருக்க வேண்டும். பாவம், அர்ச்சனா ஜோக்லேக்கரைத் திட்டினேன்.

அத்தையின் கணக்கில் இரண்டு வாரம் இல்லை, மூன்றரை வருஷம். பதினொரு வயசுப் பெண் பதினைந்து வயசாகி, பாவாடை தாவணியாகி, பாட்டிக்குக் கண் பார்வை இன்னும் மங்கி, அதற்கெல்லாம் பிறகு ஒரு வாரம் மணிமேகலை செத்துப்போனாள். திரையில் ஐந்து நிமிஷம் ஒரு நடிகையைக் கொண்டுவந்து சாக அடித்திருந்தால் அத்தைக்குத் திருப்தி வந்திருக்குமா? வந்திருக்காது என்று நினைக்கிறேன். 'இவ இல்லைடா' என்றிருப்பாள், டீக்கடையில் நான் சொன்ன மாதிரி.

வீடு வந்து சேர்ந்ததும் நேரே பீரோவைத் திறந்தாள். ஐந்தாம் பாகத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். காட்டராக்ட் ஆபரேஷன் ஆன கண், ராத்திரியில் படிக்க முடியாது.

"கடைசி அத்தியாயம். படி."

படித்தேன். பக்கங்கள் பழுப்பேறி, ஓரம் உடைந்து உதிர்ந்துகொண்டிருந்தன. பாதியில் நிறுத்தி அத்தையைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாளோ என்று புத்தகத்தை மூடப் போனேன்.

"நிறுத்தாதே" என்றாள்.

முடித்தேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அப்புறம் எழுந்து, புத்தகத்தை வாங்கிப் புடவைக்குக் கீழே பழையபடி வைத்துவிட்டு, சமையலறைப் பக்கம் போனவள் பாதியில் திரும்பினாள்.

"இந்தப் படத்தை டி.வி.யில போட்டா சொல்லு. அந்தக் கரிகாலன் நல்லா பண்ணியிருந்தான்டா. இன்னொரு தடவை பார்க்கணும்."